வளிமகளின் மூச்சு

பரிதி ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, மூலையைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். நேற்றைய டம்ளரைக் கழுவினான். பக்கத்தில் இன்னொரு டம்ளர் கவிழ்த்தபடி இருந்தது. அதை அவன் தொடுவதில்லை.

“பரிதி, பால் பொங்கப் போகுது பாரு, இன்னிக்கு வெயில் நாப்பதைத் தாண்டுமாம், மத்தியானம் கரண்ட் போகும்னு போட்டிருக்காங்க, இப்பவே போனுக்கு சார்ஜ் போட்டுக்க, வெளிய போனா தண்ணி பாட்டில் எடுத்துக்க” என்றாள் அமலி.

அடுப்பைத் தணித்தான். காபி கலந்தான். பால்கனியில் நின்று குடித்தான். கீழே போரூர் சாலையில் அந்நேரத்துக்கே வண்டிகள் தேங்கி நின்றன. டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

அமலி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. பேசியது குளிர்பெட்டியின் மேல் இருந்த கறுப்பு வட்டம். குரல்நகல், குடும்பப் பதிப்பு. அவள் கடைசியாக வேலை செய்த முகிலகம் அனிமேஷன்காரர்கள் பூங்கொத்தோடு கொடுத்தனுப்பியது. ஒருவர் பேசிய பதிவுகளைக் கருவிக்குள் ஊட்டினால், அந்தக் குரலிலேயே அது எதையும் பேசும். செய்தி படிக்கும், பாலைப் பார்த்துக்கொள்ளும், கொட்டாவி விட்டால் தூங்கச் சொல்லும்.

அதை அணைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. வைத்திருக்கவும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. இரண்டும் இல்லாததால் அது அங்கேயே இருந்தது. ஒன்று மட்டும் அவனுக்கு உறுத்தும். எத்தனை நீளமாகப் பேசினாலும் அது நடுவில் மூச்சு வாங்காது.

தலை துவட்டும்போது நசீமா அக்கா கூப்பிட்டாள். அவன் விமர்சனம் எழுதும் இணைய இதழின் ஆசிரியர்.

“டேய், சாப்டியா?”

“ம்.”

“பொய் சொல்ற. சரி, கேளு. வளிமகள் கடைசி எபிசோட் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை ரிலீஸ். ரமணிகிட்ட குடுத்துடறேன், நீ பார்க்க வேணாம்னு சொல்லத்தான் கூப்ட்டேன்.”

“நானே எழுதறேன்க்கா.”

“லூசாடா நீ?”

“முதல் சீசனுக்கு நான்தான எழுதினேன்.”

“அப்ப அவ உன் பொண்டாட்டி இல்ல.”

அது உண்மை. அந்த விமர்சனத்தில்தான் தொடங்கியது. கார்ட்டூன் தொடரைக் கிழித்துத் தொங்கவிட்டு, ‘வளிமகளின் குரல் மட்டும் உயிரோடிருக்கிறது’ என்று எழுதியிருந்தான். மறுநாள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியான தூத்துக்குடிப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, “மத்தவங்கல்லாம் செத்துட்டாங்களாங்க? எங்க வில்லன் அண்ணன் அழுதுட்டு உக்காந்திருக்காரு, ஒரு சாரி சொல்லுங்க” என்றாள். அவன் சாரி சொன்னான். அடுத்த வருடம் கல்யாணம்.

“நீ எழுதினா அது நியாயமா இருக்குமா?” என்று கேட்டாள் நசீமா.

“இருக்காது.”

“அனுப்பறேன். பாதியில நிறுத்தணும்னு தோணுச்சுன்னா நிறுத்திடு” என்றாள்.

*

மதியம் மடிக்கணினியைத் திறந்தான். சட்டப்படி போட வேண்டிய அறிவிப்பு முதலில் வந்தது: ‘வளிமகளின் குரல் முழுவதும் குரல்நகல். மனிதப் பதிவு எதுவும் இதில் பயன்படுத்தப்படவில்லை.’

குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தான். கடலோர நகரம் ஒன்றை வில்லன் புகையன் கண்ணாடிக் கூரை போட்டு மூடுகிறான். உள்ளே காற்று குறைகிறது. கடற்கரையில் மக்கள் மீன்களைப்போல வாயைத் திறந்து மூடுகிறார்கள். வண்ணம் நன்று என்று எழுதினான். வில்லன் வழக்கம்போல அதிகம் பேசுகிறான் என்று எழுதினான். காற்றை ஆளும் வளிமகள் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறுகிறாள். அவளுக்கு ஒரு விதி உண்டு. ஊருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு காற்றும் அவள் நெஞ்சிலிருந்து போக வேண்டும். இருப்பதையெல்லாம் ஊதிவிடுகிறாள். கூரை உடைகிறது. அவள் விழுகிறாள்.

அந்த இடத்தில் இசையை நிறுத்தியிருந்தார்கள். அதே நேரம் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. மடிக்கணினி மட்டும் ஓடியது.

வளிமகள் தரையில் கிடந்தாள். மூச்சு. இழுத்து, பாதியில் சிக்கி, மறுபடி இழுக்கும் மூச்சு. ஒவ்வொன்றின் முடிவிலும், ஊசி நுழையும் அளவுக்கு, ஒரு சின்ன விசில்.

படத்தை நிறுத்தினான்.

அந்த விசில் அவனுக்குத் தெரியும். அமலிக்கு இடது மூக்கு லேசாக வளைந்திருக்கும். சளி பிடித்தால், வீசிங் வந்தால், மூச்சின் நுனியில் விசிலடிக்கும். அவன் தோளில் முகத்தை வைத்துத் தூங்கும்போது அது காதுக்கருகே கேட்கும். “டப்பிங்ல இது வந்தா சவுண்ட் பார்க்கற லோகு அண்ணன் திட்டுவாரு. ‘உன் மூக்குக்குத் தனியா சம்பளம் குடுக்கணும்மா’ம்பாரு” என்று சொல்லிச் சிரிப்பாள்.

பின்னுக்குத் தள்ளி மீண்டும் கேட்டான். மறுபடியும் கேட்டான். அதற்குப் பிறகு வளிமகள் கண்ணைத் திறந்து, “இனி நீங்க மூச்சு விடுங்க” என்கிறாள். அது நகல். தெளிவாக, ஈரமாக, அழகாக இருந்தது. அதற்கு முன்பிருந்த மூச்சு நகல் இல்லை. நகலுக்கு மூச்சு விடத் தெரியாது. பத்து மாதமாக அவன் சமையலறையில் அது நின்று நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

*

சென்ற வருடம் மே மாதம், மூன்றாவது சீசனின் முதல் நாள் பதிவு. கார்ட்டூனில் குரலை முதலில் எடுத்துவிட்டுத்தான் படம் வரைவார்கள். இருப்பதிலேயே கஷ்டமானதை முதலில் முடிப்போம் என்று முகிலகத்தின் முதலாளியும் இயக்குநருமான ஹரிகேஷ் உச்சக்காட்சியின் மூச்சுகளையும் முனகல்களையும் எடுக்கச் சொன்னார். சாலிகிராமத்தில் சின்ன ஸ்டூடியோ. மைக் இருக்கும் கண்ணாடி அறையில் டேக் போகும்போது ஏசியை அணைத்துவிடுவார்கள், அதன் இரைச்சல் பதிவில் விழும் என்பதால். ஸ்விட்ச் வெளியே, சவுண்ட் இன்ஜினீயரின் நாற்காலிக்குப் பக்கத்தில். “அரை மணி நேரம் உள்ள நின்னா இட்லி மாதிரி வெந்து வரலாம்” என்பாள் அமலி.

அன்று அவள் உள்ளேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. பரிதிக்குத் தகவல் வந்தபோது அவன் வேறொரு படத்தின் விமர்சனத்துக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தான்.

குரல் உரிமை வாரியத்தில் விசாரணை நடந்தது. டப்பிங் கலைஞர்கள் சண்டை போட்டு வாங்கிய சட்டம் அது. படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஏமாறுகிறார்கள் என்பதால், குரலை நகலெடுக்கச் சம்மதம் வேண்டுமானால் அவரவர் வாயால் சொல்லிப் பதிய வேண்டும். கையெழுத்து செல்லாது. ஹரிகேஷ் அப்படி ஒரு பதிவைக் கொண்டுவந்தார். அவள் விழுவதற்குச் சற்று முன் பேசியது என்றார்.

‘என் பேரு அமலி, வளிமகள் மூணாவது சீசனுக்கு என் குரலை நகலெடுத்துக்க எனக்கு முழு சம்மதம், ஹரிகேஷ் சார் ரெஸ்ட் எடுக்கச் சொல்றாரு, எனக்கு ஒண்ணுமில்ல, நான்தான் இன்னொரு டேக் போயிடலாம்னு சொல்றேன்.’

அசலா நகலா என்று கண்டுபிடிக்கும் கருவி வாரியத்தில் இருந்தது. முகிலகத்துக்கு நகல் கருவி விற்ற கம்பெனிதான் அதையும் விற்றிருந்தது. அசல் என்றது. அன்று எடுத்த டேக் எல்லாம் அழிந்துவிட்டன என்றார் ஹரிகேஷ். இன்ஜினீயர் லோகு தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். வாரியத்தின் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு அர்ப்பணிப்பு” என்றார்.

அன்றிலிருந்து பரிதிக்கு அழுகை வரவில்லை. இன்ஹேலர் கைப்பையில் இருக்க, வீட்டில் அவன் இருக்க, இன்னொரு டேக் போகலாம் என்று சொன்னவள்மேல் வந்த கோபம் அழுகை இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. புகைப்படத்தைப் பார்த்து ஒரு நாள், “போனியே, முடிஞ்சுதா டேக்?” என்று கேட்டிருக்கிறான்.

இப்போது அந்தச் சம்மதப் பதிவைத் தொலைபேசியில் தேடி எடுத்துக் காதருகே வைத்தான். கரண்ட் இன்னும் வரவில்லை. வீடு அடங்கிக் கிடந்தது.

ஒரே மூச்சில் சொன்னாள். இல்லை, மூச்சே இல்லாமல் சொன்னாள். வீசிங்கில் சாகப்போகிற பெண் அத்தனை பெரிய வாக்கியத்தின் நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.

நகல் எடுக்கச் சம்மதம் கொடுத்ததே நகல்தான்.

*

லோகு இப்போது வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பரிதி போனபோது மண்டபம் காலியாக இருந்தது. மேடையில் யாரோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வா தம்பி” என்றார். “வருவேன்னு தெரியும். இவ்ளோ நாள் ஆக்குவேன்னுதான் தெரியாது.”

“கடைசி எபிசோட் பார்த்தேன்ணே.”

லோகு கையிலிருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“நகல் மூச்சு விடாதுண்ணே. ஏன் விடாது?”

“எப்படி விடும்? அதுக்கு ஊட்டினதெல்லாம் நான் சுத்தம் பண்ணின பதிவு. ஒவ்வொரு டயலாக்குக்கும் முன்ன பின்ன மூச்சை வெட்டிடுவேன். பழக்கம். மூச்சு கேட்டா இந்தப் பய வேலை தெரியாதவன்னு சொல்லிடுவாங்க. அவ மூக்கு வேற விசிலடிக்கும். ஒண்ணு விடாம வெட்டினேன். மெஷினுக்கு அமலின்னா மூச்சே விடாத ஒரு பொண்ணு.”

“அப்ப எபிசோட்ல இருக்கறது?”

“மெஷினைக் கேட்டாங்க. அது போட்ட மூச்சு பஸ் டயர்ல காத்து எறங்கற மாதிரி இருந்துச்சு. கிளைமாக்ஸ் படுத்துடும்னு ஹரிகேஷுக்கு பயம். அன்னிக்கு எடுத்ததை எடுத்து வெச்சுட்டாரு.”

“அழிஞ்சு போச்சுன்னு நீங்களும்தான சொன்னீங்க.”

“பேச்சு இருந்த இடத்தை அழிச்சது உண்மை. நானே அழிச்சேன், அவரு பக்கத்துல நின்னாரு. மூச்சு மட்டும் வேணும்னு வெச்சுக்கிட்டாரு. அதைப் போடுவாருன்னு நான் நெனக்கல தம்பி. சத்தியமா நெனக்கல.”

பரிதி மணமேடைப் படியில் உட்கார்ந்தான். வெகுநாள் கழித்து உடம்பில் ஏதோ ஒன்று சூடாக ஓடியது. அது துக்கம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

“அப்ப அவ பேசினா.”

“பேசினா.”

“இன்னொரு டேக் போகலாம்னா?”

“அட, நீ வேற! அதெல்லாம் மெஷின் பேசினது. அவ செத்த மறுநாள் ஆபீஸ்ல உக்காந்து செஞ்சாங்க.” லோகு ஒயரைக் கீழே வைத்தார். “மூச்சு எடுத்துட்டிருந்தோம். ரெண்டு மூணு டேக் ஆச்சு. திடீர்னு நிஜமாவே வாங்க ஆரம்பிச்சிடுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னா. ஒரே வரி. நான் கை நீட்டினா முடிஞ்சிருக்கும், அவ்ளோ கிட்ட. நீட்டவும் போனேன். ஹரிகேஷ் என் தோளை அழுத்தி, ‘யோவ், மூச்சு பிரமாதமா வருது, ஓடட்டும்’னாரு.”

“நீங்க?”

“ஓடவிட்டேன்.”

மேடையில் வாழைமரம் கட்டியவன் மைக்கைத் தட்டி ‘ஹலோ, ஹலோ’ என்றான். மண்டபம் முழுக்க எதிரொலித்தது. லோகு போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

“என்ன சொன்னா?” என்று கேட்டான் பரிதி.

லோகு சொன்னார். அவள் சொன்ன மாதிரியே, ராகம் போட்டு, மெதுவாகச் சொன்னார்.

அதில் அர்ப்பணிப்பு எதுவும் இல்லை. அவன் பெயரும் இல்லை. அவள்தான் இருந்தாள். ஒரு உதவி கேட்டாலும் கூச்சப்பட்டுக் கேட்கும் அமலி.

“வாரியத்துல வந்து சொல்வீங்களாண்ணே?”

“என்னை உள்ள தள்ளுவாங்க.”

“தள்ளுவாங்க.”

லோகு அதற்கு லேசாகச் சிரித்தார். “ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லேண்டா பாவி. சரி, வர்றேன். ஆனா யாரு நம்புவா? நான் மாத்தி மாத்திப் பேசற மாதிரி என் குரல்லயே பத்து வீடியோ விடுவான். இந்தக் காலத்துல எதைப் பதிஞ்சு குடுத்தாலும் மதிப்பு இல்ல.”

“பதிய வேணாம். போய் நேர்ல நில்லுங்க. நகல் நேர்ல வராது.”

*

“இப்பவே போடு” என்றாள் நசீமா. லோகு சொன்னதையெல்லாம் சொல்லி முடித்து, அலுவலகத்தில் அவள் மேசைக்கு எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். “இன்னிக்கே போடு. என் பேரையும் போட்டுக்கறேன்.”

“இப்ப போட்டா அந்த மூச்சை எடுத்துட்டு வேற வெச்சு ரிலீஸ் பண்ணிடுவான். ரிலீசுக்கு அப்புறம் போட்டாலும், ஒரு பட்டனைத் தட்டினா எல்லா வீட்லயும் எபிசோட் மாறிடும். நாம பொய் சொல்றோம்பான்.”

“அப்ப?”

“ஊர் பூரா அந்த இடத்தை வெட்டி வெச்சுக்கணும். அவன் அழிக்க முடியாத அளவுக்கு. அதுக்கு நான் புகழ்ந்து எழுதறேன்.”

நசீமா கண்ணாடியைக் கழற்றினாள். “அவ சாகறதை ஊரையே கூப்பிட்டுக் கேக்க வெக்கப் போற.”

“ஆமா.”

“அவனும் அதைத்தாண்டா செஞ்சான்.”

அவள் சொன்னது சரி என்று பரிதிக்குத் தெரியும். தெரிந்தும் அவன் அசையவில்லை.

புதன்கிழமை நசீமாவையும் கூட்டிக்கொண்டு ஹரிகேஷைப் பேட்டி காணப் போனான். செத்துப்போன நடிகையின் கணவனே விமர்சனம் எழுதுகிறான் என்றதும் அவர் வாசல்வரை வந்து கட்டிக்கொண்டார். சந்தன நிறச் சட்டை. அறை ஐஸ் பெட்டியைப்போல இருந்தது. பரிதியின் கையில் மயிர் நட்டுக்கொண்டது.

“குளிருதா பிரதர்? ஏசியக் குறைக்கச் சொல்லவா?”

“வேணாம் சார். இருக்கட்டும்.”

“நீங்க எழுதறீங்கன்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அமலி நம்ம வீட்டுப் பொண்ணு. அவங்களை நாங்க சாகவிடல, பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன். அந்தக் கடைசி மூச்சு...”

“அய்யோ, அதைச் சொல்லுங்க!” ஹரிகேஷ் நாற்காலியை முன்னே இழுத்தார். “டெஸ்ட் ஸ்கிரீனிங்ல எல்லாரும் அழுதுட்டாங்க.”

“அது எப்படி சார் செஞ்சீங்க? நிஜம் மாதிரியே இருந்துச்சு. பழைய பதிவு ஏதாவது வெச்சுக்கிட்டீங்களோன்னு நெனச்சேன்.”

“சேச்சே! அதான் பிரதர் டெக்னாலஜி. அந்த மூச்சு நூறு சதவீதம் மெஷின். நம்ம டீம் ராத்திரி பகலா உக்காந்து உருவாக்கினது. ஒரு துளிகூட மனுஷக் குரல் கிடையாது. அப்படியே போட்டுக்கங்க, என் பேர்லயே போட்டுக்கங்க.”

“அப்படியே போடறேன் சார்” என்றான் பரிதி. “நசீமா மேடம் வெளிய காத்திருக்காங்க, கூப்பிடறேன். அவங்க முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்களேன். சாட்சிக்கு.”

ஹரிகேஷ் சத்தமாகச் சிரித்தார். “சாட்சியா! நல்லா தமாஷ் பண்றீங்க.” நசீமா உள்ளே வந்ததும், சிரித்தபடியே இன்னொரு தடவை, கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார். நசீமா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

விமர்சனம் வியாழனன்று வந்தது. ‘வளிமகள் விழுந்த பிறகு வரும் மூச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை எந்தக் கருவியும் இப்படி மூச்சு விட்டதில்லை’ என்று எழுதியிருந்தான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை எபிசோட் வந்தது. சனிக்கிழமைக்குள் அந்த மூச்சு எங்கும் பரவிவிட்டது. பெண்கள் அழுதுகொண்டே அதைக் கேட்கும் வீடியோக்கள் போட்டார்கள். வளிமகளோடு சேர்ந்து யார் அதிக நேரம் மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று கல்லூரிகளில் போட்டி வைத்தார்கள். ஞாயிறு மாலை மளிகைக்கடை வரிசையில் பரிதிக்கு முன்னால் நின்றவரின் தொலைபேசி அடித்தது. மணியோசைக்குப் பதில் அந்த மூச்சு. நுனியில் விசில். அவர் பையைக் கை மாற்றிக்கொண்டு, நிதானமாகத் தேடி எடுத்து, “சொல்றா மச்சி” என்றார்.

பரிதி சாமான் வாங்காமல் வீட்டுக்கு வந்தான். முகம் கழுவினான். ஹரிகேஷிடமிருந்து செய்தி வந்திருந்தது: ‘உங்க விமர்சனத்தாலதான் பிரதர் இவ்வளவும். அமலி ஆசீர்வாதம்.’ கும்பிடும் கைகள் மூன்று.

‘நன்றி சார். திங்கட்கிழமை இன்னொண்ணு வருது’ என்று பதில் போட்டான்.

*

திங்கட்கிழமை ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான்.

“பரிதி, பால் பொங்கப் போகுது பாரு, இன்னிக்கு வெயில் கொஞ்சம் கம்மி, சாயங்காலம் மழை வரலாம்னு சொல்றாங்க” என்றது கறுப்பு வட்டம்.

எட்டு மணிக்கு நசீமா கூப்பிட்டாள். கடைசிப் பத்தி மட்டும் பாக்கியிருந்த இரண்டாவது விமர்சனத்தை அவள் படித்து முடித்திருந்தாள். சம்மதப் பதிவில் மூச்சு இல்லாதது, எபிசோடில் மூச்சு இருப்பது, ஹரிகேஷ் இரண்டு பேர் முன்னால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னது எல்லாம் அதில் இருந்தன. மனிதப் பதிவை மறைத்தால் உரிமம் போகும். சாவை மறைத்தால் சிறை. டப்பிங் சங்கத்துக்காரர்கள் லோகுவை நடுவில் வைத்துக்கொண்டு வாரிய வாசலில் நின்றார்கள்.

“எல்லாம் சரிடா” என்றாள் நசீமா. “அவ கடைசியா சொன்ன வரியை எழுத்துல போட்டா யாருக்கு உறைக்கும்? அந்த ஆளு ஊரையே குரலால ஏமாத்தியிருக்கான். நாமளும் குரலாவே குடுப்போம். உன் வீட்லயேதான் அந்த மெஷின் இருக்கே. அவ வாயாலயே அதைக் கேட்டா அவனை ரோட்டுல நடக்க விடமாட்டாங்க. லோகு சாட்சி சொல்றாரு. அவ சொன்னதுதான, பொய் இல்லையே.”

தொலைபேசியை வைத்துவிட்டு அவன் சமையலறைக்குப் போய், இரண்டாவது காபிக்குப் பாலை மறுபடி அடுப்பில் வைத்தான். நசீமா சொன்னது நடக்கும். அந்தக் குரலில் அந்த வரியைக் கேட்டால் முகிலகத்தின் கண்ணாடிக் கதவு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அவனுக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும். ஹரிகேஷ் தன் சந்தன நிறச் சட்டையில் வியர்ப்பதைப் பார்க்க வேண்டும். பத்து மாதத்தில் அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

தொலைபேசியில் வரியைத் தட்டச்சு செய்தான். ‘பேசு’ என்று அழுத்தினான்.

அது சொன்னது. அமலியின் குரல்தான். இனிமையாக, உருகி, எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டுமோ அங்கே தழுதழுத்துச் சொன்னது. மூச்சு வாங்காமல் சொன்னது. கேட்டால் ஊரே அழும்.

இன்னொரு தடவை அழுத்தினான். முதல் தடவையை விட நன்றாகச் சொன்னது.

அமலி அதை ஒரு தடவைதான் சொன்னாள்.

வட்டத்தின் ஒயரைப் பிடுங்கினான். குளிர்பெட்டியின் மேல் அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சுத்தமான வட்டம் தெரிந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் சொல்லவில்லை. அவனே போய் அணைத்தான். கரிந்த பால் வாசனைக்கு நடுவில் நின்று, கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைக் கையில் எடுத்து, அன்று மே மாதம் அழ வேண்டியதை அழுதான்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது லோகுவின் செய்தி இருந்தது: ‘உள்ள போறேன் தம்பி.’ கீழே ஹரிகேஷின் செய்தி: ‘என்ன பிரதர் வருது? நல்லதுதானே?’

நசீமாவுக்கு, ‘எழுத்துலயே போடுங்கக்கா’ என்று அனுப்பினான். பிறகு உட்கார்ந்து விமர்சனத்தின் கடைசிப் பத்தியை எழுதி முடித்தான்.

‘வளிமகள் விழுந்ததும், “இனி நீங்க மூச்சு விடுங்க” என்கிறாள். அது கருவி பேசியது. வாரியத்தில், “எனக்கு ஒண்ணுமில்ல, இன்னொரு டேக் போயிடலாம்” என்று ஒரு குரல் சொன்னது. அதுவும் கருவி பேசியது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் மூச்சு மட்டும் என் மனைவியுடையது. அதில் ஓர் இடத்தில் லேசாக ஒரு வெட்டு இருக்கும். அங்கே ஒரு வரி இருந்தது. நேரம் சென்ற வருடம் மே மாதத்தில் ஒரு மதியம், இடம் சாலிகிராமம், பக்கத்தில் நின்று ஓடட்டும் என்றவர் பெயர் ஹரிகேஷ். அமலி கடைசியாகச் சொன்னது இதுதான்:

“லோகு அண்ணே, ஏசியக் கொஞ்சம் போடுங்களேன்.”’